திறப்பில்லாத் திறப்பு

வீட்டுத் திறப்பை முந்தானை முடிச்சிலும் பெட்டகத் திறப்பை அரைஞாணிலும் கட்டிக் காத்த காலம் ஒன்று இருந்தது. திறப்பு எவர் கையில் இருக்கின்றதோ அவரே உரியவர் என்பது உலகம் ஒப்புக்கொண்ட வழக்கு. அது தொலைந்தால் தேடினோம், வளைந்தால் நிமிர்த்தினோம், பூட்டு இறுகினால் இரண்டு துளி எண்ணெய் விட்டோம். குறை யாதாயினும் அது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு அகப்பட்டது. இன்றோ மேனாடுகளில் ஓடும் விலையுயர்ந்த மோட்டார் வண்டிகளில், சிறப்பாக ஸ்போர்ட்ஸ் கார்கள் எனப்படும் விரைவு வண்டிகளில், திறப்பு என்பது கண்ணுக்குப் புலப்படாத ஓர் உரையாடலாக மாறிவிட்டது. வண்டி கேட்கின்றது, சட்டைப்பையிலிருக்கும் சிறுபெட்டி விடை சொல்கின்றது, கதவு திறக்கின்றது. இவ்வுரையாடல் இடையில் முறிந்துபோனால் நடப்பது யாது? அல்லது கேட்கக்கூடாத ஒருவர் அதனை ஒட்டுக்கேட்டுவிட்டால் நடப்பது யாது? இவ்விரண்டு வினாக்களுமே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

முதலில் பொருளைச் சிறிது விளக்குவோம். சாரதி தம் பையில் தீப்பெட்டியளவான ஒரு பெட்டியை வைத்திருக்கின்றார். ‘ஸ்மார்ட் கீ’ என நம்மவரும் அதனை வழங்குவர். அதனை வெளியே எடுக்க வேண்டியதில்லை. அதிலுள்ள பொத்தானை அழுத்தவும் வேண்டியதில்லை. வண்டியை அணுகிக் கைபிடியைத் தொட்டால் கதவு திறக்கும். உள்ளே அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் உறுமும். இரு கைகளிலும் பொதிகளோடு மழையில் நிற்பவருக்கு இஃது எத்துணை வசதி என்பதை நாம் மறுக்கவில்லை.

விரைவு வண்டிகளுக்கும் பூட்டுகளுக்கும் உள்ள உறவு நெடுநாளாகவே விசித்திரமானது. 1955 இல் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் வெளிவரத் தொடங்கிய எம்.ஜி.ஏ. என்னும் திறந்த கார் நம் முதியோர் பலருக்கு நினைவிருக்கலாம். அதற்கு வெளிப்புறக் கைபிடியே கிடையாது. பக்கத் திரையை விலக்கிக் கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தாற் கதவு திறக்கும். பூட்டும் இல்லை, ஆகையால் பூட்டில் வரும் பழுதும் இல்லை! 1982 இல் பிரான்சு நாட்டு றெனோ பியூகோ என்னும் கார், பொத்தானை அழுத்தி அகச்சிவப்புக் கதிரினாற் கதவைத் திறக்கும் வித்தையைக் கொணர்ந்தது. பொத்தானும் வேண்டாம், அணுகினாலே போதும் என்னும் நிலை 1993 ஆம் ஆண்டுச் செவர்லே கோர்வெற்றில் வந்தது. அமெரிக்கரின் பெருமைக்குரிய விரைவு வண்டி அது. அதன் 2005 ஆம் ஆண்டு மாதிரியில் வெளிக் கைபிடியும் மறைந்தது. கதவின் ஓரத்துப் பள்ளத்தில் விரலை வைத்தால் அங்குள்ள ஆளி மின்னோட்டத்தை விட, மின்சாரமே தாழ்ப்பாளை விடுவிக்கும். எம்.ஜி.ஏ. காருக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை; இரண்டிலும் கைபிடி இல்லை. ஆனால் முன்னையதில் ஒரு கயிறு இருந்தது.

இனி உரையாடல் நிகழும் முறையைப் பார்ப்போம். உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயிலும் மாணவர்கள் இப்பகுதியை ஊன்றி நோக்கல் நன்று.

வண்டியின் கதவுகளிலும் உட்புறத்திலும் சிறு சுருள்கள் உள்ளன. கைபிடி தொடப்பட்டதும் அவை ஏறத்தாழ 125 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் ஒரு காந்தப் புலத்தை எழுப்புகின்றன. அவ்வலையின் நீளம் 2400 மீற்றர். சிறுபெட்டியோ ஒன்றிரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கின்றது. ஆகவே இஃது அலையாகப் பரந்து செல்வதில்லை. சுருளைச் சூழ்ந்த புலமாகவே நிற்கின்றது. அத்தகைய புலம் தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறையும். தூரம் இருமடங்கானால் வலிமை எட்டில் ஒன்றாகும். வண்டியின் குரல் இரண்டொரு மீற்றருக்கு அப்பாற் கேளாமைக்குக் காரணம் இதுவே. அக்குரலைக் கேட்டு விழித்த பெட்டி, தன்னுள் இருக்கும் சிறு மின்கலத்தின் வலிமையால் வேறொரு மீடிறனில் விடை அனுப்பும். யப்பானிலும் அமெரிக்காவிலும் அது பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 433.92 மெகாஹேர்ட்ஸ். இது மெய்யான வானொலி அலை. பல பத்து மீற்றர் தூரம் எளிதிற் செல்லும்.

அவ்விடையில் இருப்பது யாது? வண்டி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைச் சொல்லும். பெட்டி தன்னிடமும் வண்டியிடமும் மட்டுமே உள்ள இரகசிய எண்ணைக் கொண்டு அதனை மாற்றி விடையளிக்கும். வண்டியும் அதே கணக்கைச் செய்து பார்க்கும். விடைகள் ஒத்தாற் கதவு திறக்கும். நேற்றைய விடையை ஒருவர் ஒட்டுக்கேட்டு இன்று ஒப்பித்தாற் பயனில்லை. இன்றைய வினா வேறு. கணித அறிவு தந்த அரிய காவல் இஃது என்பதில் ஐயமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கின்றது. ‘நீ என்னுடைய திறப்புத்தானா?’ என்னும் வினாவை வண்டி ஐயந்திரிபறக் கேட்டுத் தெளிகின்றது. ‘நீ என் அருகில் நிற்கின்றாயா?’ என்னும் வினாவை அது கேட்பதே இல்லை. ‘நாம் மெல்லப் பேசினோம், மறுமொழி வந்துவிட்டது, ஆகவே அவர் பக்கத்திலேதான் நிற்கின்றார்’ என்று முடிவுகட்டிக்கொள்கின்றது. மெல்லப் பேசியதை இடையில் ஒருவர் நின்று உரத்துச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதை அதனை அமைத்தோர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈ.ரி.எச். என்னும் புகழ்பெற்ற தொழினுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர் பிரான்சிலோன், டானெவ், சப்குன் ஆகிய மூவர் இதனை எண்ணிப் பார்த்தனர். 2011 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் எட்டுக் கம்பனிகளின் பத்து வகைக் கார்கள் சோதிக்கப்பட்டன. ஒருவர் வண்டியருகில் ஒரு கருவியுடனும், மற்றவர் திறப்பு இருக்கும் இடத்துக்கு அண்மையில் இன்னொரு கருவியுடனும் நிற்பர். முதற் கருவி வண்டியின் மெல்லிய குரலைப் பிடித்து மற்றதற்கு அனுப்பும். மற்றது அதனைத் திறப்பின் காதிற் போடும். திறப்பின் விடை தன் சொந்த வலிமையாலேயே வண்டியை அடைந்துவிடும். ஐம்பது மீற்றர் தூரத்தில், நடுவே சுவர் மறைத்தபோதும், இது பலித்தது. பத்து வகைகளும் ஏமாந்தன. இதிற் கவனிக்க வேண்டியது யாதெனின், அவர்கள் எந்த இரகசிய எண்ணையும் கண்டுபிடிக்கவில்லை. எந்தக் கணக்கையும் உடைக்கவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படியாது கொண்டு சேர்த்த தபாற்காரரைப் போலத்தான் நடந்தனர். கடிதம் எத்துணை இரகசியமாக எழுதப்பட்டிருந்தால் என்ன?

ஆராய்ச்சிக் கூடத்தில் நிகழ்ந்தது பின்னர்த் தெருவுக்கும் வந்தது. 2017 நவெம்பரில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லன்ட்ஸ் பொலிஸார் ஒரு படத்தை வெளியிட்டனர். இருவர் இரவில் ஒரு வீட்டின் முன் வந்து, பெட்டி போன்ற கருவியொன்றைச் சுவரருகே பிடித்து, சில நிமிடங்களுள் மேர்சிடிஸ் கார் ஒன்றை ஓட்டிச் செல்வது அதிற் காணப்பட்டது. கண்ணாடி உடையவில்லை, பூட்டு நெரியவில்லை, நாய்கூட விழித்திராது.

கணக்கையே உடைத்த கதையும் ஒன்று உண்டு. விரைவு வண்டிகளைச் செய்யும் கம்பனிகள் பெரும்பாலும் சிறியவை. ஆண்டுக்குச் சில ஆயிரம் வண்டிகளே விற்பவை. இயந்திரத்தையும் உடலமைப்பையும் தாமே உயிரைக் கொடுத்துச் செய்வர். பூட்டையும் திறப்பையும் வேறொரு கம்பனியிடம் விலைக்கு வாங்குவர். பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2018 இல் ரெஸ்லா மொடல் எஸ் காரின் திறப்பை ஆராய்ந்தபோது, பெக்ட்ரன் என்னும் கம்பனி செய்து கொடுத்த அப்பெட்டியில் இரகசிய எண் நாற்பது இலக்கங்களே கொண்டதெனக் கண்டனர். இங்கு இலக்கம் என்பது கொம்பியூற்றரின் இரும எண்முறையில் சைபரோ ஒன்றோ ஆகும். அப்படியாயின் அமையக்கூடிய எண்கள் இரண்டின் நாற்பதாம் அடுக்கு. ஏறத்தாழ ஓர் இலட்சத்துப் பத்தாயிரம் கோடி. கேட்பதற்குப் பெருந்தொகைதான், ஆயினும் கொம்பியூற்றருக்கு அஃது எட்டாத தொகையன்று. அவர்கள் முன்கூட்டியே எல்லாவற்றையும் கணித்து அட்டவணையாக எழுதி வைத்துக்கொண்டனர். பின்னர், சாரதியின் அருகாகச் சென்று பெட்டியிடம் இரண்டு விடைகளைப் பெற்று, அட்டவணையிற் பார்த்து, ஒருசில செக்கன்களுள் அத்திறப்பின் பிரதியொன்றைச் செய்துவிட்டனர்.

அந்தக் கணக்குமுறை பலவீனமானது என்பதை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2005 ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியிருந்தனர் என்பதே இதில் வருந்தத்தக்க செய்தி. பதின்மூன்று ஆண்டுகளாக ஒருவரும் செவிமடுக்கவில்லை. மக்லாரன் என்னும் ஆங்கிலேய விரைவு வண்டியிலும் அதே கம்பனியின் பூட்டமைப்பே இருந்தது. அவ்வண்டியின் விலை ஓர் இலட்சம் பவுணுக்கும் மேல். கம்பனியார் உரிமையாளர்களுக்கு அபாயத்தை அறிவித்து, திறப்பை இட்டு வைப்பதற்கென அலைகளைத் தடுக்கும் சிறு பையொன்றை இலவசமாகத் தர முன்வந்தனர். இலட்சம் பவுண் பொருளுக்குச் சுருக்குப்பை காவல்! ரெஸ்லாவினர் வண்டியை ஓட்டத் தொடங்குமுன் இரகசிய இலக்கமொன்றை அழுத்தும் முறையைச் சேர்த்தனர். புதிய திறப்பையும் தந்தனர். அப்புதிய திறப்பின் எண்பது இலக்க எண்ணும் இரண்டு நாற்பதுகளாகப் பிரித்து உடைக்கத்தக்கதாயிருந்தது என்று அதே ஆராய்ச்சியாளர் 2019 இல் அறிவித்தபோது, கம்பனியார் மீண்டும் ஒரு திருத்தம் செய்ய நேர்ந்தது. நாற்பது எண்பதானால் உழைப்பு ஒரு இலட்சம் கோடி மடங்கு கூடவேண்டும். இங்கே இரண்டு மடங்கே கூடிற்று. கணித ஆசிரியர் எவரும் இதனை மாணவர்க்கு உதாரணமாகச் சொல்லலாம்.

அயலாரை உள்ளே விடுவது ஒரு குறை. உரியவரையே வெளியே நிறுத்துவது மற்றக் குறை. நாள்தோறும் பலரை வாட்டுவது பின்னையதே.

பெட்டியினுள் இருப்பது இருபது மில்லிமீற்றர் விட்டமும் மூன்று வோல்ற்று அழுத்தமும் உடைய நாணயம் போன்ற மின்கலம். அது மெல்ல மெல்லத் தளரும். குளிர் நாடுகளிற் பனிக்காலத்தில் அதன் உட்தடை மிகுந்து குரல் மேலும் மெலியும். கைத்தொலைபேசியோடு ஒட்டி வைத்தாலும், நாணயங்களிடையே அழுந்திக் கிடந்தாலும் உரையாடல் குழம்பும். இன்று திறந்து, நாளை திறவாது, நாளை மறுநாள் மீண்டும் திறக்கும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றால் அங்கே ஒழுங்காக வேலை செய்யும். முற்றிலும் பழுதான பூட்டைத் திருத்திவிடலாம். இடையிடையே பழுதாகும் பூட்டே மனிதரை அலைக்கழிப்பது.

சில வேளைகளிற் குற்றம் திறப்பிலும் இல்லை, வண்டியிலும் இல்லை. 2019 ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நோர்த் ஒல்ம்ஸ்டெட் என்னும் ஊரில், ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ளோரின் கார்த் திறப்புகளும் கராஜ்க் கதவுத் திறப்புகளும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தன. இரண்டு தெரு தள்ளிச் சென்றால் எல்லாம் சரியாக இயங்கும். மின்சாரக் கம்பனியாரும் தொலைபேசிக் கம்பனியாரும் வந்து தேடினர். ஒரு வீட்டுக்கு மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தும் அலை ஓயவில்லை. ஈற்றில், மின்னியலில் ஆர்வமுள்ள ஒருவர் தம் வீட்டின் கீழறையில் தாமே செய்து வைத்திருந்த கருவி ஒன்று அகப்பட்டது. மேல்மாடியில் எவரேனும் நடமாடினால் அறிவிப்பதற்காக அவர் அதனை அமைத்திருந்தார். அது பற்றரியில் இயங்கியது. 315 மெகாஹேர்ட்ஸில் ஓயாது பேசிக்கொண்டிருந்தது. தம்மால் ஊரே அல்லற்படுவதை அவர் அறிந்திருக்கவில்லை. பற்றரியைக் கழற்றியதும் ஊர் முழுவதும் கதவுகள் திறந்தன. வானொலி அலையைப் பொதுக் கிணற்றுக்கு ஒப்பிடலாம். ஒருவர் துலாவை விடாது பிடித்துக்கொண்டால் மற்றவர் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

பெட்டியின் மின்கலம் முற்றாக இறந்தாலும் வழி உண்டு என்பதைப் பலர் அறியார். பெட்டியின் உள்ளே ஒரு சிறிய உலோகத் திறப்பு ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பக்கத்திலுள்ள விசையை அழுத்தி இழுத்தால் வெளியே வரும். அது கதவுக்கு. இயந்திரத்தை முடுக்குவதற்குப் பெட்டியைக் குறித்த ஓரிடத்தில் வைத்தல் வேண்டும்; சில வண்டிகளில் அதற்கெனக் குழி உண்டு, சிலவற்றில் முடுக்கும் பொத்தானின் மேலேயே பெட்டியைப் பிடிக்க வேண்டும். அங்கே வண்டியின் சுருளிலிருந்து வரும் காந்தப் புலமே பெட்டிக்கு வேண்டிய சிறிதளவு மின்னைத் தூண்டிக் கொடுக்கும். பரடே கண்ட மின்காந்தத் தூண்டலே அது, வேறொன்றுமில்லை.

ஆனால் வண்டியின் பெரிய பற்றரி இறந்துவிட்டால் நிலைமை வேறு. விரைவு வண்டிகள் இவ்விடத்திலேதான் மற்றைய வண்டிகளிலும் அதிகம் இடர்ப்படுகின்றன. அவற்றை உடையவர் நாள்தோறும் ஓட்டுவதில்லை. வாரக்கணக்கில், மேனாட்டுப் பனிக்காலத்தில் மாதக்கணக்கில், அவை கராஜில் நிற்கும். நிற்கும்போதும் வண்டி உறங்குவதில்லை; எசமான் எப்போது வருவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மற்றச் சிறு கருவிகளுக்குமாக முப்பது மில்லி அம்பியர் செலவாகின்றதென்று வைத்துக்கொள்வோம். அறுபது அம்பியர் மணி கொண்ட பற்றரி இரண்டாயிரம் மணி நேரத்தில், அதாவது எண்பத்துமூன்று நாளில், வெறுமையாகிவிடும். வண்டியை முடுக்க இயலாத நிலை அதற்கு வெகு முன்னரே வந்துவிடும்.

ஜேர்மனியின் போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். அதன் இயந்திரம் பின்னால் உள்ளது. பற்றரி முன்மூடியின் கீழ் உள்ளது. அண்மைக்கால மாதிரிகளில் அம்மூடியைத் திறப்பது மின்சாரம். ஆகவே பற்றரியை அடைய மூடி திறக்க வேண்டும். மூடி திறக்கப் பற்றரி வேண்டும். கலியாணம் முடிந்தாற் பித்துத் தெளியும், பித்துத் தெளிந்தாற் கலியாணம் முடியும் என்ற கதைதான். செய்தவர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். சாரதியின் காலடியில் உள்ள உருகிப் பெட்டியில் ஒரு முனை ஒளிந்திருக்கின்றது. அதனை வெளியே இழுத்து இன்னொரு பற்றரியின் நேர் முனையை அதிலும், எதிர் முனையைக் கதவுத் தாழ்ப்பாள் மாட்டும் உலோகத்திலும் கொடுத்தால் மூடி திறக்கும். ஆனால் அக்காலடியை அடைய முதலிற் கதவு திறக்க வேண்டும். அதற்கு அந்த ஒளித்து வைத்த உலோகத் திறப்பு வேண்டும். இவ்வகைக் கார்களின் யன்னற் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கதவு திறக்கும்போது கண்ணாடி சிறிது தாழ்ந்து வழிவிடும். மின்சாரம் இல்லாதபோது அது தாழாது. அவசரப்பட்டு இழுத்தாற் கண்ணாடிக்கும் கேடு.

இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீரக்கூடிய தொல்லைகள். தீராத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

2015 யூன் மாதம், அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்துப் போர்ட் ஆதர் நகரில், ஓர் உணவுச்சாலையின் முன்றிலில், 72 வயதுப் பெரியவர் ஒருவர் தம் வளர்ப்பு நாயுடன் தமது 2007 ஆம் ஆண்டு மாதிரிக் கோர்வெற்றினுள் அமர்ந்தார். பற்றரியின் வடம் ஒன்று தளர்ந்துவிட்டது. அத்துடன் கதவுகளின் மின்தாழ்ப்பாள் செயலிழந்தது, யன்னலும் இறங்கவில்லை, ஒலிப்பானும் ஒலிக்கவில்லை. கைத்தொலைபேசி அவரிடம் இல்லை. அக்காலம் ரெக்ஸாஸிற் கடுங் கோடை. மூடிய காரினுள் வெயில் எவ்வாறு ஏறும் என்பதை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பிறர் கண்டு உதவிக்கு ஆளழைத்தபோது காலம் கடந்துவிட்டது. பெரியவரும் நாயும் இறந்து கிடந்தனர்.

அவ்வண்டியில் மின்சாரம் வேண்டாத கதவு விடுவிப்பான் ஒன்று இருந்தது. ஆசனத்தின் பக்கத்தே, தரையில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனை இழுத்திருந்தாற் கதவு திறந்திருக்கும். அதன் விவரம் வண்டியின் கைந்நூலிலும் அச்சாகியிருந்தது.

கைந்நூலைப் படியாதது அவர் குற்றம் என்று கூறுவோர் உளர். நாம் அதனை ஒப்பமாட்டோம். கதவு என்றால் அதில் ஒரு பிடி இருக்கும், அப்பிடியை இழுத்தாற் கதவு திறக்கும் என்பது மூன்று வயதுக் குழந்தையும் அறிந்தது. எழுபது ஆண்டுப் பழக்கம் கையை எங்கே கொண்டு செல்லுமோ அங்கே பொத்தானை வைத்துவிட்டு, உயிர் காக்கும் பிடியைக் கால்மாட்டில் மறைத்து வைப்பது அமைப்பவரின் குறையே. மூச்சு முட்டும் வேளையில் எவரும் நூல் படிக்க மாட்டார். அழகுக்காகப் பொத்தான் இருக்கட்டும். அதே இடத்தில், அதே கை அசைவில், சற்று வலிந்து இழுத்தாற் கம்பியும் இழுபட்டுத் திறக்குமாறு அமைப்பது அரிய வித்தையன்று. அவ்வாறு அமைத்துள்ள கம்பனிகளும் உண்டு.

அருகிருப்பதை மெய்யாகவே அளக்கும் முறையும் இப்போது வந்திருக்கின்றது. வானொலி அலை ஒரு நனோ செக்கனில் முப்பது சென்ரிமீற்றர் செல்லும். வினாவுக்கும் விடைக்கும் இடைப்பட்ட நேரத்தை அந்த நுட்பத்தோடு அளந்தாற் பெட்டி எத்தனை மீற்றரில் உள்ளது என்பது தெரிந்துவிடும். ஐம்பது மீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் அஞ்சல் செய்தால், போய்வர முந்நூறு நனோ செக்கனுக்கு மேற் சென்றுவிடும், களவு வெளிப்படும். எத்தனை வலிய கருவியாலும் ஒளியின் வேகத்தை விஞ்ச இயலாது. 2021 இல் வந்த பி.எம்.டபிள்யூ கம்பனியின் ஐ.எக்ஸ். வண்டி உட்படச் சில வண்டிகளில் இம்முறை புகுந்துள்ளது. வேறு சில கம்பனிகள், அசையாது கிடக்கும் திறப்பு தானே உறங்கிவிடுமாறு செய்துள்ளன. இரவில் மேசைமேல் உள்ள பெட்டி எவர் அழைத்தாலும் பேசாது. இவை அயலாரைத் தடுப்பதற்குப் பயன்படும். இறந்த பற்றரிக்கு இவை மருந்தல்ல.

நம் நாட்டுத் தெருக்களிற் கோர்வெற்றும் மக்லாரனும் ஓடுவது அரிது. ஆயினும் யப்பானிலிருந்து இறக்குமதியாகும் சிறு கார்கள் பலவற்றில் இதே முறைத் திறப்பே உள்ளது. அவற்றுட் பல பாவித்த வண்டிகளாய் வருவதால், கைந்நூல் இல்லாமலோ, இருந்தாலும் யப்பானிய மொழியிலோ இருக்கும். கால்மாட்டிற் பிடி இருந்தாலும் அதை யார் சொல்லித் தருவார்? பெரும்பாலான அச் சிறு கார்களின் உட்கைபிடி பழைய முறையில் இழுத்தாற் திறப்பதே என்பது நற்செய்தி. எனினும் இந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், வண்டி வீட்டில் நிற்கும் குடும்பத்தார் கால்மணி நேரம் செலவிட்டுப் பார்க்கத்தக்கவை சில உள. சிறுபெட்டியினுள் உலோகத் திறப்பு எங்கே ஒளிந்திருக்கின்றது? அது நுழையும் துளை கதவில் எங்கே உள்ளது? சில வண்டிகளில் அத்துளை ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியால் மறைக்கப்பட்டிருக்கும். மின்கலம் இறந்தாற் பெட்டியை எங்கே பிடிக்க வேண்டும்? பற்றரியின் வடமுனைகள் இறுக்கமாக உள்ளனவா? இரவில் திறப்பை எங்கே வைக்கின்றோம்? வாசற் கதவருகே ஆணியில் மாட்டுவதிலும், வெற்று பிஸ்கட் தகரத்தினுள் இட்டு மூடி வைப்பது நன்று. மக்லாரன்காரர் கொடுத்த பைக்கு அது குறைந்ததன்று. வீட்டிற் சிறுவர் இருப்பின், மின்சாரம் இல்லாதபோது உள்ளிருந்து கதவைத் திறப்பது எவ்வாறென்று அவர்களைக் கொண்டே ஒருமுறை செய்வித்துப் பார்க்க வேண்டும். பின் ஆசனக் கதவுகளில் உள்ள குழந்தைப் பூட்டு போடப்பட்டிருந்தால் அவை உள்ளிருந்து திறவா. முன் ஆசனத்துக்கு ஏறி வந்து முன்கதவைத் திறக்க வேண்டும் என்பதையும் அப்போதே அவர்களுக்குக் காட்டிவிடலாம்.